விழுந்து விழுந்து எழும்பிய தரகன்

தரகன் மறுபடியும் விழுந்தான்.

சிவதர்சினி பல்லைக் கடித்தாள். தரகன் ஆளல்ல, மென்பொருள். குளத்துத் துருசு, அதாவது மதகு, திறக்கப்போகிறது என்று வரும் செய்தியை வாங்கி, வரிசையில் வைத்து, அந்த வாய்க்கால் விவசாயிகளின் போன்களுக்குப் பிரித்துக் கொடுப்பது அவன் வேலை. கிளிநொச்சி, வவுனியா, புதுக்குடியிருப்பு என்று மூன்று ஊரில் இருந்த மூன்று கணினிகளை குபர்னெட்டிஸ் என்ற மேலாண்மை மென்பொருள் ஒரே மந்தையாக மேய்த்தது. பெரிய சேமிப்பு வட்டு இருந்தது புதுக்குடியிருப்பில். அதனால் தரகனை அங்கேயே கட்டிப்போட்டிருந்தாள்.

கிளிநொச்சி அலுவலகத்தில் அவள் முதுகுக்குப் பின்னால், கதிரையில், விவசாயிகள் சங்கத் தலைவர் தில்லைநாதன். இன்று அவர் கண்முன்னே செய்தி போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் வேலை கொழும்புக் கம்பனிக்கு. அவளும் சஜீவனும் தொடங்கிய கிளிநொச்சிக் கம்பனிக்கு இருந்த ஒரே வேலை அது.

தரகனுக்கு நினைவகத்தைக் கூட்டிக் கொடுத்தாள். அடியோடு அழித்துப் புதிதாக நிறுவினாள். எழும்பினான்; சற்று நேரத்தில் விழுந்தான். பிழை தரகனிலா, தரகனை வைத்தவரிலா என்று தில்லைநாதன் மெல்லக் கேட்டார். அவள் கணினிகளின் பட்டியலைத் திறந்தாள்.

அப்போதுதான் கண்ணில் பட்டது. விழுந்தது தரகன் மட்டுமல்ல. புதுக்குடியிருப்புக் கணினியே காணாமல் போயிருந்தது. அது இருந்த டியூஷன் நிலையத்தை நடத்தும் நேசமலருக்குப் போன் எடுத்தாள்.

"அக்கா, கரண்ட் நிண்டிட்டோ?"

"இல்லைப் பிள்ளை. வானம் இடிக்குது. பிளக்கைக் கழட்டிப்போட்டன். நிண்டாப்போல திரும்பக் குத்துவன்."

"கழட்ட வேண்டாமெண்டு சொன்னனான் எல்லோ?"

"போன மாரிக்கு இடியில என்ர ரீவி எரிஞ்சது. நீரோ வாங்கித் தந்தனீர்?"

இடி கேட்டால் வன்னியில் எந்த வீட்டிலும் பிளக் சுவரில் இருக்காது. சிவதர்சினி வீட்டிலும்தான். எல்லாக் கோளாறையும் யோசித்தவள் இதை யோசிக்கவில்லை.

"மழை தொடங்கேக்கதான் பிள்ளை எங்களுக்குத் துருசு அலுவல்," என்றார் தில்லைநாதன். "இடிக்கேக்க படுக்கிற ஆளை வைச்சு என்ன செய்யிறது?"

அவள் விசைப்பலகையில் பாய்ந்தாள். கட்டை அவிழ்த்து, ஊருக்கு ஒருவனாக மூன்று தரகர்கள். இரண்டு பேர் உயிரோடு இருந்தால் போதும், செய்தி தவறாது. கிளிநொச்சித் தரகன் எழும்பினான். வவுனியாத் தரகனும் எழும்பினான். சோதனைச் செய்தியை அனுப்பினாள். வரிசையில் ஏறியது. தில்லைநாதன் போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார்.

தலைக்கு மேலே வானம் உடைந்தது.

பக்கத்து அறையிலிருந்து சஜீவன் ஓடி வந்தான். யாரையும் கேட்கவில்லை. கிளிநொச்சித் தரகன் இருந்த கணினியின் பிளக், வைஃபை பெட்டியின் பிளக், இரண்டையும் ஒரே இழுவையில் கழற்றிவிட்டு, நல்ல காரியம் செய்தவனைப்போல நிமிர்ந்தான்.

வவுனியாத் தரகன் தனித்துப் போனான். தனி ஒருவனை நம்பிச் செய்தி நகராது. அப்படித்தான் அவளே எழுதியிருந்தாள்.

தில்லைநாதன் பேசாத போனைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"ஒரு கிழமை தாங்கோ ஐயா. மூண்டு இடத்திலையும் பற்றரி பூட்டிறன், பிளக்கைக் கழட்டினாலும் ஓடும்."

"நான் தருவன். மழை தரவேணுமே பிள்ளை," என்றபடி அவர் தூறலுக்குள் இறங்கி, கொழும்பு நம்பரைத் தேடத் தொடங்கினார்.