ஜென்மத்துக்கும் உடையாத ஆணி

என் அக்கா வீட்டுக்காரருக்குத் தான் பெரிய விஞ்ஞானி என்று நினைப்பு. அவருடைய படகு மோட்டார் அரதப் பழசு. அதன் விசிறியைத் தண்டோடு பிணைப்பது ஒரு சின்னப் பித்தளை ஆணி. விசிறி பாறையில் மோதினால் முதலில் அந்த ஆணி உடைந்து மோட்டாரைக் காப்பாற்றும். அதற்காகவே அதைப் பித்தளையில் செய்கிறார்கள்.

ஒரே மாதத்தில் மூன்று முறை உடைந்ததும் மனுஷனுக்கு ரோஷம் வந்துவிட்டது. டிரில் பிட்டின் எஃகுத் தண்டை அளவாக அறுத்து ஆணிக்குப் பதிலாகச் சொருகிவிட்டு, என் பட்டறைக்கே வந்து பீற்றிக்கொண்டார்.

"இனி ஜென்மத்துக்கும் உடையாது மாப்ள!"

"வேண்டாம் மச்சான், அது உடையணும்" என்றேன்.

"உன்கிட்ட ஆணி வாங்க வரமாட்டேன்னு வயித்தெரிச்சலா?"

நேற்று மோட்டாரைத் தோளில் சுமந்துகொண்டு வந்து இறக்கினார். பாறையில் மோதிவிட்டதாம். கியர் பெட்டியைத் திறந்தேன். பற்களெல்லாம் நொறுங்கி எண்ணெய்க்கு அடியில் கிடந்தன. அவரோ விசிறிப் பக்கம் குனிந்து பார்த்துவிட்டு முகமெல்லாம் பல்லாக நிமிர்ந்தார்.

"பாத்தியா, ஆணி அப்படியே இருக்கு!"

ஆணியை உருவி, துணியால் துடைத்து, அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"ஆமா மச்சான், அருமையான ஆணி. இதுக்கு ஏத்த மாதிரி ஒரு மோட்டார் பாருங்க."