ஃபோங் வீட்டுச் சாமான்கள்

ஃபோங்கை ஏற்றிக்கொண்டு லாரி நாட்டு எல்லைப் பக்கம் போய் நான்கு நாளாகிவிட்டது. மக்தலேனா ஊரில் இருந்த சீனர்கள் பதினொரு பேரையும் அதே லாரியில் நிற்கவைத்துக் கொண்டுபோனார்கள். பெண்டாட்டி பிள்ளைகளுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஃபோங்கின் பெண்டாட்டி கூகா அன்றும் அழவில்லை, பிறகும் அழவில்லை.

காலையில் அவளுடைய அக்கா தொமாசா இரண்டு சாக்கோடு வந்தாள்.

"இவங்கள வெரட்டுன கமிட்டிக்காரனுங்க வீடு வீடா பாத்துட்டு வரானுங்க. சீனாக்காரன் சாமான் ஒண்ணு கெடந்தாலும் உள்ள பூந்துடுவானுங்க. எந்திரிடி."

கூகா எழுந்தாள். நீலப்பூப் போட்ட கிண்ணங்கள், சாப்பாட்டுக் குச்சிகள், தேயிலை டப்பா, வயிற்றுவலிக்கு அவன் குடிக்கும் மருந்தின் விரல் நீளக் குப்பிகள் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். ஃபோங் கணக்குப் போடும் மணிச்சட்டத்தைத் தூக்கியபோது மணிகள் சரசரவென்று ஒரு பக்கமாகச் சரிந்தன. அந்தச் சத்தத்துக்கு எல்விரா உள்ளேயிருந்து ஓடிவந்தாள். நான்கு வயசு.

"அப்பாவா?"

"இல்ல. பெரியம்மா."

குழந்தை திரும்பிப் போய்விட்டது.

அப்போதுதான் ரொட்டிக்கடை இலாரியோ வாசலில் வந்து நின்றார். சீனர்களை அனுப்பச் சொல்லிக் கொடுத்த மனுவில் முதல் கையெழுத்து அவருடையது.

"தப்பா நெனச்சுக்காத கூகா. எப்படியும் தூக்கித்தான் போடப் போறீங்க. அந்தப் பெரிய ஜாடி இருந்தா, தண்ணி புடிச்சு வைக்கத் தோதா இருக்கும்."

"மனுஷன வெரட்டிட்டு ஜாடிக்கு வந்து நிக்கிறீரே," என்றாள் தொமாசா. "உம்ம வீட்டுல இருந்தா அது சீனா ஜாடி இல்லியா?"

"எங்க வீட்டுல யாரு தேடப் போறா?"

கூகா ஜாடியைச் சாய்த்து, ஃபோங் உப்பில் ஊறப்போட்டிருந்த கீரையை வாளியில் கொட்டினாள். ஜாடியைக் கழுவித் துடைத்தாள்.

"கனமா இருக்கும்ண்ணே. அடியில கை குடுத்துத் தூக்குங்க."

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் தூக்கிக்கொண்டு போனார்.

மற்றதை அக்காளும் தங்கையும் ஊருக்குப் பின்னாலிருந்த பள்ளத்துக்குச் சுமந்துபோய்க் கொட்டினார்கள். கிண்ணங்கள் உடைகிற சத்தத்தில் தொமாசா அழ ஆரம்பித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தவள் தங்கையின் காலைப் பார்த்தாள்.

"என்னடி இது, அவரு செருப்பு?"

கூகாவும் பார்த்தாள். ஃபோங்கின் மரச்செருப்பு. எப்போது மாட்டிக்கொண்டாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. கழற்றி அதையும் பள்ளத்தில் போட்டாள். வெறுங்காலோடு வீடு வந்தாள். சாயங்காலம் தொமாசா அவள் பாதத்திலிருந்து ஊசியால் மூன்று முள் எடுத்தாள். வலிக்கிறதா என்று கேட்டதற்கு, "எங்க?" என்றாள் கூகா.

அந்த மாதமே தாயும் மகளும் வீட்டைப் பூட்டிவிட்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்கள். கிறிஸ்துமஸுக்குள் எல்விரா அப்பாவைக் கேட்பதை நிறுத்திவிட்டாள். கூகாவுக்கு அது உறைக்கவே வெயில்காலம் வந்துவிட்டது. அப்போது கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மீதித் துணியையும் உதறிக் காயப்போட்டாள்.