ஒரு கட்டை மேலே

வெளிநாட்டுக் கச்சேரிப் பயணத்தின் முதல் ஊரில், ஒலிச்சோதனையின்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அதுவும் யாரும் சொல்லித் தெரியவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு, மடிக்கணினியிலிருந்து வந்த இசையோடு சேர்ந்து பாட வாயைத் திறந்தேன். நான் ஒரு பக்கம் போனேன், இசை ஒரு பக்கம் போனது. எண்ணூறு பேர் உட்காரும் அரங்கில் அப்போது ஏழு பேர்தான் இருந்தார்கள். ஏழு பேரும் முகத்தைச் சுளித்தார்கள். நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்மணிகூட நிமிர்ந்து பார்த்தார்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க. எந்தப் பாட்டோட ட்ராக் இது?"

அரங்கின் கடைசியில், ஒலிக்கலவை மேசைக்குப் பின்னால் என் கணவர் நின்றிருந்தார். அவர்தான் எங்கள் சவுண்ட் இன்ஜினியர்.

"சாவிப் பாட்டுதான்" என்றார். கையிலிருந்த ஒயரைப் பார்த்தபடி சொன்னார். பதினெட்டு வருஷமாக அந்த மனிதரோடு குடும்பம் நடத்துகிறேன். தப்பு செய்தால் என்னைப் பார்க்க மாட்டார், கையில் என்ன இருக்கிறதோ அதைப் பார்ப்பார்.

"சாவிப் பாட்டு நாலு கட்டை. இது எத்தனை?"

"அஞ்சு."

கட்டை என்பது ஸ்ருதியின் உயரம். ஒவ்வொரு தொண்டைக்கும் வசதியான ஓர் உயரம் உண்டு. என்னுடையது நாலு, பெண் குரலுக்கு அது கொஞ்சம் தணிவுதான். நாலில் பாடினால் தரையில் நடப்பதுபோல இருக்கும். ஐந்தில் பாடினால் குதிகாலைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். ஒரு பாட்டுக்கு அப்படி நடக்கலாம். ஒன்பது பாட்டுக்கு, நான்கு ஊர்களில், பதினோரு நாட்களில் எப்படி நடப்பது?

வாத்தியக்காரர்கள் நான்கு பேர் எங்களோடு வந்திருக்க வேண்டும். மூன்று பேருக்கு விசா கிடைக்கவில்லை. கிட்டார்க்காரர் மட்டும் வந்தார். எதைக் கேட்டாலும் "அரைமணி நேரம் கொடுங்க" என்று சொல்வதால் அவருக்கு அரைமணி என்றே பெயர். மற்ற வாத்தியங்களுக்குப் பதிலாக, ஆல்பத்திலிருந்து என் குரலை மட்டும் எடுத்துவிட்டு மீதி இசையை ஓடவிடலாம் என்று கிளம்பும் நாளன்று முடிவானது. அப்படித்தான் குட்டு வெளிப்பட்டது. வீட்டில் ஒத்திகை எல்லாம் ஆட்களோடு, நாலு கட்டையில்தான் நடந்திருந்தது.

"ஆல்பம் அஞ்சு கட்டையிலயா இருக்கு?" என்று மைக்கிலேயே கேட்டேன். அரங்கம் முழுக்க எதிரொலித்தது.

"ஒரு கட்டைதானே ஏத்தினேன்" என்றார். "ஆல்பம் போட்ட கம்பெனிக்காரர் கேட்டுட்டு, குரல்ல வயசு தெரியுதேன்னார். மெஷின்ல ஏத்தினா கொஞ்சம் சின்னப் பொண்ணு மாதிரி வரும். பத்து நிமிஷ வேலை."

பத்து நிமிஷத்தில் என் வயதில் பதினைந்தைக் குறைத்திருக்கிறார். எந்த அழகுசாதனமும் இதைச் செய்ததில்லை.

நீ கேட்கவில்லையா, உன் ஆல்பம்தானே என்று நீங்கள் கேட்பீர்கள். எல்லாரும் கேட்டுவிட்டார்கள். நான் பதினைந்து வருஷம் கோரஸ் பாடினவள். பெரிய பாடகருக்குப் பின்னால் "ஆ" என்றும் "ஓ" என்றும் இழுக்கிற நான்கு பெண்களில் மூன்றாவது ஆள். எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டு வெளியான பிறகு அதைக் கேட்க மாட்டோம். கேட்டால் நம் குரலை வெட்டியிருப்பார்கள். வெட்டாமல் விட்டிருந்தாலும் நான்கு குரலில் நம்முடையது எது என்று தெரியாது. பாடினோமா, வீட்டுக்கு வந்து துணி மடித்தோமா என்று இருந்துவிடுவதுதான் மனசுக்கு நல்லது. நாற்பத்தொன்றாவது வயதில் என் பெயரில், நான் எழுதி, நான் தனியாகப் பாடிய ஆல்பம் வந்தபோதும் அந்தப் புத்திதான் வேலை செய்தது. "கேட்டுச் சரிபார்த்தேன்" என்று கம்பெனி அனுப்பிய படிவத்தில் கேட்காமலே கையெழுத்துப் போட்டேன். யாராவது கைபேசியில் ஓடவிட்டால், கைபேசியில் எல்லார் குரலும் கீச்சென்றுதானே இருக்கும் என்று நினைத்தேன். என் முட்டாள்தனத்துக்கு நானே சாட்சி.

"திரும்ப இறக்குங்க" என்றேன்.

மடிக்கணினியில் எதையோ அழுத்தினார். இசை இறங்கியது. ஜலதோஷம் பிடித்தவர் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல இருந்தது.

"ஏத்தினதை இறக்கினா இப்படித்தான் வரும்" என்றார்.

"அப்ப ஏத்துறதுக்கு முன்னாடி இருந்ததைப் போடுங்க."

அவர் மறுபடி ஒயரைப் பார்த்தார். "டிஸ்க்ல இடம் இல்லன்னு அழிச்சிட்டேன்."

எங்கள் வீட்டின் இரண்டாவது அறையில், ஜன்னலுக்குப் போர்வை கட்டி, மின்விசிறியை நிறுத்தி, வியர்வை வழிய ஆறு மாதம் பாடிய பாட்டுகள். இடம் இல்லையாம். கழிவறைக் குழாய் ரிப்பேர் செய்வதைப் படமெடுத்த வீடியோவுக்கு அந்த டிஸ்க்கில் இடம் இருக்கிறது. அதை நானே பார்த்திருக்கிறேன்.

"முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம் இல்ல?"

"சொன்னா நீ ஒத்துக்க மாட்ட."

அவர் சொன்னது சரிதான். அதனால்தான் இன்னும் ஆத்திரமாக வந்தது.

நிகழ்ச்சி அமைப்பாளர் ஓடி வந்தார். எந்நேரமும் இரண்டு கைபேசிகளோடு, இரண்டிலும் மாறி மாறிப் பேசுகிற மனிதர். "ஆல்பத்துல இருக்கற மாதிரியே இருக்கணும்மா. போஸ்டர்லயே அப்படித்தான் போட்டிருக்கு" என்றார். போஸ்டரில் என் முகத்தையும் ஒரு கட்டை ஏற்றியிருந்தார்கள். கண்ணுக்குக் கீழே சுருக்கமே இல்லை.

அன்றைக்கு ஐந்து கட்டையில் பாடினேன். அரைமணி கிட்டாரின் கழுத்தில் ஒரு கிளிப்பை மாட்டி ஸ்ருதியை ஏற்றிக்கொண்டார், அவர் வேலை முடிந்தது. என் கழுத்தில் எதை மாட்டுவது? பல்லைக் கடித்துக்கொண்டு பாடினேன் என்று சொல்லலாம். ஆனால் பல்லைக் கடித்தால் பாட முடியாது. ஏழாவது பாட்டில் தொண்டை எரிந்தது. சாவிப் பாட்டுக்கு எல்லாரும் கூடவே பாடினார்கள். வீட்டு வாசலில் நின்றுகொண்டு பைக்குள் சாவியைத் தேடுகிற ஒரு பெண்ணைப் பற்றிய பாட்டு அது. எங்கோ முன்பின் தெரியாத ஊரில் முன்னூறு பேர் அதை மனப்பாடமாகப் பாடுகிறார்கள். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் அடுத்த அடியை எட்டுவேனா என்று பயந்துகொண்டு நின்றேன்.

இரண்டாவது ஊரில் எட்டவில்லை. குரல் பிளந்தது. முன்வரிசையில் ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அந்த இரக்கத்தை என்னால் தாங்கவே முடியவில்லை.

"கொஞ்சம் அனுசரிச்சுப் போ. இன்னும் ரெண்டு ஊர்தான்" என்றார் கணவர், விடுதி அறையில் வெந்நீர் வைத்துக்கொண்டே.

"நான் அனுசரிச்சேன். என் தொண்டை அனுசரிக்க மாட்டேங்குது."

அதுதான் நான் கடைசியாகப் பேசியது. மறுநாள் காலை பேச்சே வரவில்லை. அந்த ஊர் மருத்துவர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, மூன்று நாள் வாயைத் திறக்கக்கூடாது என்றார். என் வாய் மூடியிருந்ததில் கணவர் நிம்மதியாக இருந்திருப்பார் என்று நினைக்காதீர்கள். விடுதியின் கடிதத்தாள் தீரும்வரை திட்டித் திட்டி எழுதிக் கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றையும் படித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கிழித்துப் போட்டிருந்தால்கூடக் கோபம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

ஆனால் மூன்றாவது ஊர் நிகழ்ச்சி மறுநாளே இருந்தது.

"வாயை மட்டும் அசைச்சாப் போதும்மா" என்றார் அமைப்பாளர். "ஆல்பத்தை அப்படியே ஓடவிடலாம். இப்ப யார்தான் செய்யல? டிக்கெட் எடுத்தவங்களைத் திருப்பி அனுப்ப முடியாது."

முடியாது என்று தலையாட்டினேன். கணவரைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே ஆல்பத்தை மடிக்கணினியில் எடுத்து வைத்திருந்தார். அரைமணி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் ஜனங்கள் வரிசையில் நிற்கும் சத்தம் கேட்டது.

வாயை அசைத்தேன். ஒன்பது பாட்டுக்கும் அசைத்தேன். என் ஆல்பத்தை நான் முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான், மேடையில், எல்லார் முன்னாலும், எனக்கே நான் பின்பாட்டாக நின்றுகொண்டு. யாரோ ஒரு சின்னப் பெண் என் பாட்டைத் தேன் ஒழுகப் பாடிக்கொண்டிருந்தாள். என் மூச்சு இல்லை, என் கரகரப்பு இல்லை. தனியாகப் பாட வந்த முதல் பயணத்திலும் நான் கோரஸ்தான் என்று அப்போது உறைத்தது. அந்தக் கோரஸிலும் சத்தம் இல்லை. இந்தப் பயணத்திலேயே பெரிய கைதட்டல் அன்றைக்குத்தான் கிடைத்தது. எழுந்து நின்று தட்டினார்கள். மேடைக்குப் பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

நான்காவது ஊருக்கு ஐந்து நாள் இடைவெளி இருந்தது. நாலாம் நாள் குளியலறையில் மெல்ல முனகிப் பார்த்தேன். குரல் திரும்பியிருந்தது, நாலு கட்டையில். ஐந்துக்குப் போனால் முள் குத்தியது.

நேரே போய் அரைமணியின் அறைக்கதவைத் தட்டினேன்.

"ட்ராக் இல்லாம, நீங்க மட்டும் வாசிச்சு ஒன்பது பாட்டும் பாடணும். என் கட்டையில. தயார் பண்ண எவ்வளவு நேரம் வேணும்?"

"அரைமணி நேரம் கொடுங்க" என்றார். மறுநாள் காலைவரை உட்கார்ந்து தயார் செய்தோம்.

நிகழ்ச்சி ஞாயிறு பகல் மூன்று மணிக்கு. அமைப்பாளரிடம் சொன்னபோது இரண்டு கைபேசிகளையும் ஒரே நேரத்தில் கீழே வைத்தார். அப்படி நடந்து நான் பார்த்ததே இல்லை. "அடுத்த வருஷம் உங்களை யாரும் கூப்பிட மாட்டாங்கம்மா" என்றார். "சரி, கூப்பிட வேணாம்" என்றேன். என் குரலை ஒரே ஒரு தடவையாவது நாலு பேர் கேட்க வேண்டும், அதற்குப் பிறகு எது வேண்டுமானாலும் நடக்கட்டும் என்றுதான் இருந்தது எனக்கு.

பிறகு கணவரிடம் போனேன். "அந்தக் கம்ப்யூட்டரை மூடுங்க. திறந்திருந்தா நான் மேடை ஏற மாட்டேன்." அவர் எதையோ சொல்ல வாயெடுத்தார். "பேசாதீங்க. மூடுங்க" என்றேன். மூடிவிட்டார்.

அன்றைக்கு நான் பாடினது போல என் ஜென்மத்தில் பாடினதில்லை. இதில் எனக்குத் தன்னடக்கம் எதுவும் கிடையாது. முதல் இரண்டு பாட்டுக்குள் இருபது பேர் எழுந்து போனார்கள், எண்ணினேன். மூன்றாவது வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார். அவர் உதட்டைப் பிதுக்கினார். சாவிப் பாட்டுக்குக் கூடவே பாட ஆரம்பித்தவர்கள் இரண்டு வரியிலேயே நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் அப்படி நிறுத்தியவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். எனக்கு அது தெரிந்தது. கடைசிப் பாட்டு முடிந்தபோது கைதட்டல் சுமாராகத்தான் வந்தது, எனக்கு அது போதுமாக இருந்தது.

வெளிக்கூடத்தில் மேசை போட்டு ஆல்பத்தின் சிடிகளை அடுக்கியிருந்தார்கள். நான் உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டும். கணவர் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுத்தார். வரிசையில் பத்துப் பன்னிரண்டு பேர்தான். மூன்றாவதாக, வேலைக்குப் போகும் சீருடையிலேயே வந்திருந்த ஒரு பெண்மணி சிடியை நீட்டினார்.

"இதுல பாடியிருக்கறது உங்க பொண்ணா?" என்று கேட்டார். "குரல்ல உங்க ஜாடை அப்படியே இருக்கு. அவங்க வரலையா?"

பேனாவைக் கணவரிடம் நீட்டினேன்.

"இவர்கிட்ட கையெழுத்து வாங்கிக்குங்க. இதைப் பாடினது இவர்தான்."

அந்தப் பெண்மணி சிரித்தார். கணவர் சிரிக்கவில்லை. பேனாவை வாங்காமல், மொத்தக் கதையையும் அவரிடம் சொன்னார். ஏற்றியதை, அழித்ததை, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் மேல் இருந்த கோபத்தில் பாதி அப்போது போனது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண்மணி கையிலிருந்த சிடியை மெல்ல அடுக்கின் மேலேயே திருப்பி வைத்தார்.

"அப்ப எனக்கு இது வேணாங்க. இன்னிக்குக் கேட்டதைக் குடுங்க. இன்னும் மூணு மாசம் எனக்கு நைட் ஷிப்ட்தான். பஸ்ல கேட்டுக்கிட்டே போவேன். இன்னிக்குப் பதிவு பண்ணியிருப்பீங்க இல்ல?"

நான் ஆவலாகக் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். எல்லா நிகழ்ச்சியையும் அவர் பதிவு செய்வார். குரல் பிளந்ததுகூடப் பதிவாகியிருந்தது, வாயசைத்ததுகூட.

"பண்ணினீங்க இல்ல?"

"அந்தக் கம்ப்யூட்டர்லதான் பண்ணுவேன்" என்றார் மெதுவாக. "அதைத்தான் சொல்ல வந்தேன். நீ மூடச் சொன்ன."

எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண்மணி பையைத் திறந்து வைத்துக்கொண்டு, வாங்கிக்கொண்டு போவதற்கு இன்னும் நின்றிருந்தார்.

"அது எங்கயும் கிடைக்காதுங்க" என்றேன்.