வைரம் பால் குடிக்கமாட்டாள்

கண்ணாடிக் கடையில் அவளை எல்லாரும் வைரம் என்றுதான் கூப்பிட்டார்கள். கண்ணாடி அறுக்கும் கட்டரின் முனையில் வைரத் துணுக்கு இருக்குமே, அதை வைத்து யாரோ விளையாட்டாகச் சூட்டிய பெயர். அவளுடைய பிடிவாதத்துக்கும் அது கச்சிதமாகப் பொருந்திப்போனதால் அப்படியே ஒட்டிக்கொண்டது. கடையில் அளவெடுப்பதும் வேன் ஓட்டுவதும் கணவன் வேலை. அறுப்பதும் பொருத்துவதும் அவள் வேலை. ஆள் உயரக் கண்ணாடியைச் சட்டத்தில் உட்கார வைத்து அவள் விரலால் விளிம்பைத் தடவிப் பார்த்தால் போதும், அதற்குமேல் யாரும் சரிபார்க்க வேண்டியதில்லை.

அவள் பாலை விட்டது ஒரு பால் பண்ணையில். பண்ணை அலுவலகத்துக்கு ஜன்னல் பொருத்தப் போயிருந்தார்கள். பக்கத்துக் கொட்டகையில் ஒரு பசு விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

"கன்னுக்குட்டியைப் பிரிச்சிருக்கோம். ரெண்டு மூணு நாள் கத்தும், அப்புறம் மறந்திடும்" என்று சொல்லிக்கொண்டே பண்ணைக்காரர் தேநீரை நீட்டினார்.

வைரம் அந்தத் தேநீரின் நிறத்தைப் பார்த்தாள். வாங்கிக் கீழே வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். இறைச்சி, முட்டை, வெண்ணெய், தேன் என்று ஒவ்வொன்றாக அந்த மாதத்திலேயே அவள் தட்டை விட்டு இறங்கின. இதற்கு வீகன் என்று ஒரு பெயர் இருப்பதே பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

வீட்டில் யாருக்கும் இது பிடிக்கவில்லை. மாமியார் ஜாடை மாடையாகப் பேசுகிறவர் அல்ல, நேராகவே பேசுவார். "ஆடு மாடு தின்னுறதை நீ தின்னா ஆடு மாடு மாதிரி உழைக்க முடியுமா?" என்பார். கணவன் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பான். வைரம் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆனால் ஒரு தப்பு செய்தாள். விட வேண்டியதையெல்லாம் கறாராக விட்டாளே தவிர, அந்த இடத்தில் எதை வைப்பது என்று யோசிக்கவே இல்லை. காலையில் ரொட்டியும் ஜாமும். மதியம் வேனில் உட்கார்ந்து வறுத்த உருளைக்கிழங்கு. ராத்திரி சோற்றோடு ஏதோ ஒரு காய். இடையிடையே பால் இல்லாத தேநீர், கணக்கே கிடையாது. தும்மினால்கூட மாமியார், "நான் அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பித்துவிடுவார். அதனால் வைரம் தும்மலை அடக்கப் பழகினாள். படியேறும்போது மூச்சு வாங்கினால் செருப்பைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்து நின்றுகொள்வாள். சில வருடங்களில் விரல் நுனிகளில் எறும்பு ஊர்வது போல் இருக்க ஆரம்பித்தபோதும் அவள் வாயைத் திறக்கவில்லை.

ஒரு துணிக்கடையின் முகப்புக் கண்ணாடியைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். மேல் விளிம்பை அவள் பிடித்திருந்தாள். விளிம்பைத் தடவிப் பார்ப்பதற்காகக் கையுறையைக் கழற்றியிருந்தாள். கண்ணாடிமேல் சிவப்பாக ஒரு கோடு இறங்கியது. முதலில் பார்த்தவன் கணவன்.

"வைரம், கையை எடு. கையை எடுன்னு சொல்றேன்."

அவள் கையைப் பார்த்தாள். உள்ளங்கை பிளந்திருந்தது. வலியே இல்லை. அப்போதுதான் அவளுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள், ரத்தமும் எடுத்தார்கள். ரத்தம் குறைவு, பி12 என்கிற சத்து அடிமட்டத்துக்குப் போய்விட்டது, அதனால்தான் விரல் நரம்புகள் மரத்திருக்கின்றன என்றார் டாக்டர். ஊசி எழுதிக் கொடுத்தார். கூடவே, தலையை நிமிர்த்தாமல், "தினம் பால் குடிங்க, முட்டை சாப்பிடுங்க. இந்த வீம்பெல்லாம் வேண்டாம்" என்றார்.

மறுநாளே மாமியார் படுக்கைக்குப் பக்கத்தில் பால் கொண்டுவந்து வைத்தார். வைரம் அதைத் தொடவில்லை.

"அப்போ சாகப்போறியா?"

"சாக மாட்டேன் அத்தை. பாலும் குடிக்க மாட்டேன்."

சொல்லிவிட்டாளே தவிர, எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. அதே ஆஸ்பத்திரியில், கீழ்த்தளத்தில் இருந்த உணவு ஆலோசகரைப் பார்க்கத் தனியாகப் போனாள். சின்ன வயதுப் பெண். கதவைத் திறந்தபோது கோழிக்கறி வைத்த ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தாள். வைரத்தின் ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் புரட்டியவள் சங்கடப்பட்டுக்கொண்டு டப்பாவை மூடப் போனாள்.

"நீங்க சாப்பிடுங்க" என்றாள் வைரம். "நான் உங்க சாப்பாட்டைப் பார்க்க வரலை. என் சாப்பாட்டைப் பார்க்கணும்."

"சரி. நேத்து என்னென்ன சாப்பிட்டீங்க?"

வைரம் சொன்னாள். கண்ணாடிக் கடை வேலையிலிருந்து ஜாம் வரைக்கும் ஒளிக்காமல் சொன்னாள்.

அந்தப் பெண் ரொட்டியைக் கீழே வைத்தாள். "இதுல எந்த மிருகமும் இல்லை, உண்மைதான்" என்றாள். "ஆனா சாப்பாடும் இல்லையே அக்கா."

வைரத்துக்குச் சுருக்கென்றது. எழுந்து போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தில் கேலி இல்லை. காகிதத்தை இழுத்து அவள் விளக்க ஆரம்பித்துவிட்டாள். பயறு, கொண்டைக்கடலை, சோயா, இவற்றில் ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் இருக்க வேண்டும். கீரையோடு எலுமிச்சை பிழிந்துகொண்டால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் அந்த இரும்புச்சத்து உடம்பில் ஒட்டாது. எலும்புக்கு எள்ளும் சுண்ணாம்புச்சத்து சேர்த்த சோயாப் பாலும். பி12 மட்டும் எந்தச் செடியிலும் நம்பி எடுக்கிற மாதிரி இல்லை. ஊசி முடிந்ததும் மாத்திரை, ஆயுசுக்கும்.

"மாத்திரை போட்டா, அவங்க சொன்னது சரின்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா?"

"கண்ணு மங்கினா கண்ணாடி போட்டுக்கிறோம். அது தோல்வியா? நீங்க கண்ணாடி வியாபாரம் பண்றவங்க, நீங்களே சொல்லுங்க."

வைரம் சிரித்துவிட்டாள். கையில் கட்டுப் போட்ட பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு சமையலறையில் பயறு ஊறாத நாளே இல்லை. கட்டுப் போட்ட கையால் பாத்திரம் தூக்க முடியாதபோது, "நான் பார்த்துக்கறேன், நீ போய்ப் படு" என்று மாமியாரே அடுப்பைக் கவனித்துக்கொண்டார். வைரத்துக்கு ஆச்சரியம். மனசு மாறிவிட்டார் என்று நினைத்து மகிழ்ந்துபோனாள். உடம்பும் மெல்ல மெல்லத் தேறியது. படியேறினால் மூச்சு வாங்குவது நின்றது.

மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு ஒரு நாள், கண்ணாடியின் அளவு மாறிவிட்டதால் வேலை பாதியில் நின்று, மதியமே வீடு திரும்பினாள். சமையலறையில் மாமியார் அவளுடைய பயற்றுக் குழம்பில் எதையோ கரைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பால் பவுடர் டப்பா திறந்திருந்தது. கையும் களவுமாகப் பிடிபட்ட மாமியாரின் முகத்தில் ஈயாடவில்லை.

"எத்தனை நாளா அத்தை?"

"நீ ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுல இருந்து." ஒரு கணம்தான் தயங்கினார். பிறகு குரல் உயர்ந்தது. "ஏன், என்ன குறைஞ்சுபோச்சு? தேறிட்டே இல்லை? அது பயறால இல்லை, இதாலதான். உன் கையில ரத்தத்தைப் பார்த்த அன்னைக்கு எனக்கு உயிரே போயிடுச்சு. உங்க ரெண்டு பேரை விட்டா எனக்கு வேற யாரு இருக்கா?"

வைரம் அப்படியே நின்றாள். இத்தனை நாளும் பால் உள்ளே போயிருக்கிறது. அதைவிட வேறொன்று அவளைச் சுட்டது. பட்ட பாட்டையெல்லாம் ஒரு டப்பா பவுடர் தன் கணக்கில் எழுதிக்கொண்டுவிட்டது. மாமியார் கண்ணில் இருந்த கண்ணீர் பொய்யில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் குழம்புப் பானையைத் தூக்கித் தொட்டியில் கவிழ்த்தாள்.

"என்மேல பாசம் வைங்க அத்தை, எவ்வளவு வேணும்னாலும் வைங்க. என் பானையில எதையும் வைக்காதீங்க."

சாயங்காலம் கணவன் சமாதானம் பேச வந்தான். "கொஞ்சம் பால் பவுடர்தானே. நல்லதுக்குத்தானே செஞ்சாங்க."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

அவன் வேன் சாவியை ஆணியில் மாட்டினான். "தெரியும்" என்றான்.

"கண்ணாடியில ஒரு கீறல் இருந்தா, வாங்கறவங்ககிட்ட சொல்லித்தானே விப்பீங்க?" என்று கேட்டாள். "என்கிட்ட சொல்லாம என் வாய்க்குள்ள எதைப் போடலாம்னு முடிவு பண்ண நீங்க யாரு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "தப்புதான்" என்றான்.

அன்றிலிருந்து அவள் தனக்குத் தனியாகச் சமைத்தாள். தன் பாத்திரங்களைத் தனி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். "பூட்டு வேற போடறா பாரு" என்று மாமியார் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லட்டும் என்று விட்டாள். விடிந்தால் பயறு வேகும், எள் வறுபடும், சாப்பாடு முடிந்து வெகுநேரம் கழித்துத்தான் தேநீர். சலிப்பு வந்த நாட்கள் உண்டு. வேலை முடிந்து கையெல்லாம் ஓய்ந்து வந்து நிற்கும்போது, அந்த ரொட்டியும் ஜாமும் போதுமே என்று தோன்றியதுண்டு. ஆனாலும் அடுப்பைப் பற்ற வைத்தாள். ஒரு வாரம் கழித்துக் கணவன் வந்து பேசாமல் கீரை ஆய ஆரம்பித்தான். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

மழைக்காலம் முடிந்ததும் மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னாள். மாமியாரையும் வலுக்கட்டாயமாகக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் அறிக்கையைப் பார்த்துவிட்டு இந்தத் தடவை நிமிர்ந்தார்.

"எல்லாம் நல்லா இருக்கே. பால் குடிச்சீங்களா?"

"இல்லை. மாத்திரை போடறேன், ஒழுங்கா சாப்பிடறேன். இவங்க பால் பவுடர் டப்பாவைத் தொட்டுப் பல மாசமாச்சு, இவங்களையே கேளுங்க."

மாமியார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். "தொடலை" என்றார், தரையில் விழுந்ததைக் குனிந்து பொறுக்குகிறவர் மாதிரி தாழ்ந்த குரலில்.

திரும்பும் வழியில் அவர் சும்மா இருக்கவில்லை. "எல்லாம் சரி. உன் சுண்டுவிரல் இன்னும் மரத்துத்தானே கிடக்கு? நேத்துத் தடவிக்கிட்டு இருந்தே, நான் பார்த்தேன்."

முன்பென்றால் வைரம் விரலை மடக்கி மறைத்திருப்பாள்.

"ஆமா அத்தை, மரத்துத்தான் இருக்கு. முழுசா திரும்புமோ திரும்பாதோ தெரியலை. முதல்லயே வாயைத் திறந்து சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது, அது என் தப்பு. இன்னைக்கு ரொம்பக் களைப்பாவும் இருக்கு."

மாமியாரின் கண்கள் சட்டென்று மின்னின. "களைப்பா இருந்தா ஒரு வாய்..."

"மாட்டேன்" என்றாள் வைரம்.