மருதமரம் முதல் பம்புரூம் வரை

“எப்பா, நாளையிலருந்து மருதமரத்துக்கிட்ட நீங்க சைக்கிள விட்டு எறங்கக் கூடாது.”

சுகன்யா சொல்லிவிட்டாள். அப்பாவிடம் எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா இசக்கியம்மா பல வருஷமாகச் சொல்லி வைத்திருந்த விஷயம். அடுப்பங்கரையில் கரண்டிச் சத்தம் நின்றது. மந்திரமூர்த்தி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தவில்லை. மகள் ஏதோ நாளைக்கு மழை வரும் என்று சொன்ன மாதிரி லேசாகத் தலையை ஆட்டிக்கொண்டார்.

“வெஞ்சனம் இன்னும் கொஞ்சம் வையி,” என்றார், அடுப்பங்கரைப் பக்கம் பார்த்து.

“நான் கேக்குதேன்லா?”

“கேட்டுட்டல்லா. சாப்பிடு.”

அவ்வளவுதான். கையைக் கழுவிவிட்டு வெளியே போய்விட்டார். அம்மா சட்டியோடு வந்து நின்றாள்.

“ஏட்டி, படிச்ச கொழுப்பாட்டி ஒனக்கு? எங்க கல்யாணத்துக்கு எங்கய்யா வாங்கிக் குடுத்த சைக்கிளு. மறுவீட்டுக்குப் போயிட்டு என்னைய பொறத்தால உக்கார வச்சு அந்த வழியா ஏறி வந்துட்டாரு. புது மாப்பிள்ளல்லா, நெனப்பு எங்கயோ. மேலத்தெருப் பெரிய வீட்டுக்காரரு கூப்பிட்டு நிறுத்தி, சைக்கிளத் தலையில தூக்கி வச்சிக்கிட்டு நடலேன்னுட்டாரு. தூக்கிக்கிட்டு நடந்தாரு. நான் பட்டுச்சேலையோட பொறத்தாலயே நடந்து வந்தேன். அன்னையிலருந்து நாங்க ரெண்டு பேரும் அதப் பத்திப் பேசுனதில்ல. நீ பேசுத.”

சுகன்யா இதை முன்பே அரைகுறையாகக் கேட்டிருந்தாள். பட்டுச்சேலை மட்டும் புதிது.

அந்த வழி இப்போது அந்த வழியாக இல்லை. முள்ளும் ஒற்றையடித் தடமுமாகக் கிடந்த ஆற்றங்கரையில் சைக்கிள் பாதை போட்டுவிட்டார்கள். பச்சைப் பெயின்ட் அடித்த தளம், ஓரமெல்லாம் அரளிச்செடி, உட்கார்ந்து ஆற்றைப் பார்ப்பதற்குச் சிமெண்ட் பெஞ்சு. விடிந்தால் போதும், திருநெல்வேலியிலிருந்தும் பாளையங்கோட்டையிலிருந்தும் ஹெல்மெட்டும் கையுறையுமாக வந்துவிடுகிறார்கள். தாமிரபரணி அந்த இடத்தில் ஒரு வளைவு வளைந்து, பாறைகளுக்கிடையில் நுரைத்து, நாணலுக்குள் நுழைந்து போகும். கொக்குகள் நிற்கும். மேற்கே மலை தெளிந்திருந்தால் எல்லோரும் இறங்கிப் போட்டோ எடுப்பார்கள். பாதை தொடங்குகிற இடத்தில் வாடகை சைக்கிள் கொடுக்கும் கொட்டகையில்தான் சுகன்யாவுக்கு வேலை. அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜுக்குப் போனவள், பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்தவள், வருகிறவர்களின் கால் நீளம் பார்த்து சீட்டை ஏற்றி இறக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். திருப்பூரில் சாயப்பட்டறை லேப் ஒன்றில் வேலை இருக்கிறது, வா என்று கூடப் படித்த டார்லின் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பாப்போம், பாப்போம் என்று சுகன்யா தள்ளிப்போட்டு வந்தாள். எதற்காகத் தள்ளிப்போடுகிறோம் என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை.

மந்திரமூர்த்திக்கும் அதே பாதையில்தான் வேலை, அரளிக்குத் தண்ணீர் விடுவது. கீழத்தெருவிலிருந்து அவர் சைக்கிளில் வரும்போது மேலத்தெரு வீடுகளின் பின்பக்கத்தையும் அவர்களுடைய படித்துறையையும் தாண்ட வேண்டும். மருதமரத்தடி வந்ததும் இறங்கிவிடுவார். ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே நடப்பார். பம்புரூம் தாண்டியதும் ஏறிக்கொள்வார். சுகன்யா பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிளில் போன காலத்தில் மெயின்ரோட்டைச் சுற்றிக்கொண்டு போனாள். இறங்கி நடக்க அவளுக்கு மனசில்லை, ஏறிப் போக அம்மா விடவில்லை. பாதை போட்டபிறகு ஏறித்தான் போகிறாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு அங்கே ஆளும் இல்லை. பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகள் சென்னையிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். ஒரு வீட்டின் மொட்டைமாடிச் சுவரில் அரசங்கன்று முளைத்து மரமாகப் போகிறது. அப்பா அந்தப் பூட்டுகளுக்கு இறங்கி நடந்துகொண்டிருந்தார்.

டவுனிலிருந்து வருகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. “என்ன அண்ணாச்சி, பஞ்சரா?” என்று கேட்பார்கள். “ஆமா சார்,” என்பார். சிலர் நின்று பம்பை நீட்டுவார்கள். “பக்கத்துலதான் சார், தள்ளிக்கிட்டே போயிருவேன்.” வாடகை சைக்கிளைத் திருப்பிக் கொடுக்க வந்த ஒரு பெண்தான் சுகன்யாவிடம் முதலில் சொன்னாள். “அங்க ஒரு பெரியவருக்குப் பஞ்சர். பாவமா இருக்கு. யாரையாச்சும் அனுப்புங்களேன்.” சரி மேடம் என்று சுகன்யா சொன்னாள். யாரையும் அனுப்பவில்லை. யாரை அனுப்ப?

மறுநாள் காலையில் அவள் அப்பாவுக்குப் பின்னாலேயே சைக்கிளில் வந்தாள். மருதமரம் வந்தது. அவர் இறங்கினார். திரும்பிப் பார்க்கவில்லை. அவள் ஒரு காலை ஊன்றி நின்று அவர் முதுகைப் பார்த்தாள். சட்டைக் காலர் கிழிந்து உள்துணி தெரிந்தது. கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. கிணற்றில் தண்ணீர் வற்றின பிறகு ஓடுகிற மோட்டார் மாதிரி உள்ளே வெறும் சத்தம் மட்டும் கேட்டது.

எதிர்ப்பக்கமிருந்து குமரகுருபரன் வந்தார். சென்னையில் பேங்க் மேனேஜராக இருந்து ரிட்டயராகி, பாளையங்கோட்டையில் வீடு எடுத்து இருக்கிறவர். தினமும் கொட்டகையில் நின்று காற்றுப் பிடித்துக்கொண்டு சுகன்யாவிடம் நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவார். பூட்டிக் கிடக்கிற வீடுகளில் பெரிய வீடு, அந்த அரசங்கன்று முளைத்த வீடு, அவருடையது. பெரிய வீட்டுக்காரரின் மகன்.

“அண்ணாச்சி, நில்லுங்க, நில்லுங்க. ஒங்களத்தான் தேடிக்கிட்டு வாரேன்.” பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். “புது ட்யூபு. தினம் பஞ்சராகுதுன்னா பழைய ட்யூப ஒட்டி பிரயோசனம் இல்ல. மாத்திருங்க.”

மந்திரமூர்த்தி சைக்கிளை இடுப்பில் சாய்த்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். “ரொம்ப நன்றி சார்.”

“பஞ்சர் இல்ல சார்,” என்றாள் சுகன்யா.

“ஏளா, சும்மா இரு.”

“டயர அமுக்கிப் பாருங்க.”

குமரகுருபரன் சிரித்துக்கொண்டே குனிந்து அமுக்கினார். டயர் கல்லாக இருந்தது. “நல்லாத்தானம்மா இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு. ஒங்க வீட்டுக்குப் பின்னால எங்க ஆளுக சைக்கிள்ல ஏறிப் போகக் கூடாதுன்னு இவுக எறங்கி நடக்காக. தினம் நடக்காக.”

குமரகுருபரன் ஹெல்மெட்டைக் கழற்றினார். தன் வீட்டின் பின்சுவரைப் பார்த்தார். பிறகு மந்திரமூர்த்தியின் முகத்தைப் பார்த்தார். இத்தனை நாளும் டயரைத்தான் பார்த்திருப்பார் போலிருக்கிறது.

“நீ... கீழத்தெருவா? முண்டசாமி மவன்லா?”

“ஆமாய்யா.”

“அட, மந்திரம்! எங்க தோப்புல தேங்கா வெட்ட வருவியே, நீதானா? எனக்கு அடையாளமே தெரியல பாத்துக்கோ!” அவருக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. தோளில் தட்டினார். “இப்பம் யாருடே அதெல்லாம் பாக்கா? காலம் எங்கயோ போயிட்டு. ஏறு. நான் சொல்லுதேன்லா, ஏறிப் போ.”

மந்திரமூர்த்தி ஏறினார்.

ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை, தயங்கவில்லை. ட்யூபைக் கேரியரில் செருகிவிட்டு, பெடலில் காலை வைத்துத் தாவி ஏறி, பூட்டின வீடுகளையும் படித்துறையையும் தாண்டிப் போனார். பம்புரூம் பக்கம் போய்த்தான் திரும்பிப் பார்த்தார். பார்த்தது மகளை இல்லை.

“ஒங்கப்பாவா? நல்ல மனுஷன்மா,” என்றார் குமரகுருபரன். ஒரு நல்ல காரியம் செய்து முடித்த களை முகத்தில் இருந்தது. “நீயும் தைரியமாத்தான் பேசுத.”

“இவ்வளவு நேரமும் அண்ணாச்சின்னு கூப்பிட்டீங்க சார்.”

“என்னம்மா?”

“ஒண்ணுமில்ல சார்.”

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் காப்பி போட்டார்கள், விருந்தாளி வந்தால் போடுகிற மாதிரி. “ஐயாவே சொல்லிட்டாக இசக்கி. தோள்ல கையப் போட்டு, ஏறுடே மந்திரம்னுட்டாக. பேரு ஞாபகம் வச்சிருக்காக பாத்துக்கோ.” பக்கத்து வீட்டு இசக்கிமுருகனைக் கூப்பிட்டு மந்திரமூர்த்தி மறுபடியும் சொன்னார். இசக்கிமுருகன் ட்யூபை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “நல்ல கம்பெனிதான் மாமா. அப்பம் நானும் ஏறிப் போலாமா, இல்ல ஒமக்கு மட்டுந்தான் பெர்மிஷனா?” எல்லோரும் சிரித்தார்கள். இசக்கியம்மா சிரித்துக்கொண்டே சேலை முந்தியால் கண்ணைத் துடைத்தாள். “அவுக அப்பா மாதிரி இல்ல. மகராசன்.”

சுகன்யாவும் காப்பியைக் குடித்தாள். சூடு தெரியவில்லை. அவள் கேட்டது நடந்துவிட்டது. அப்பா இறங்கவில்லை. நாளைக்கும் இறங்க மாட்டார். இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? எழுந்து கொல்லைப்பக்கம் போய் டார்லினுக்குப் போன் பண்ணினாள். நாளைக்கு வாரேன் என்று மட்டும் சொன்னாள். எதற்காக இத்தனை நாள் இருந்தோம் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அப்பா ஒருநாள் தானாக ஏறிப் போவதைப் பார்க்க இருந்திருக்கிறாள். இனி அதை யாராலும் பார்க்க முடியாது.

காலையில் பையோடு வாசலில் நின்றபோது இசக்கியம்மா, “கொட்டகையில சொல்லாமலா போவ? ரெண்டு நாளு பொறுத்துப் போனா என்னட்டி?” என்று கேட்டாள்.

“போன்ல சொல்லிட்டேன்மா.”

“அப்பம் எப்ப வருவ?”

சுகன்யா செருப்பு வாரை மாட்டினாள்.

மந்திரமூர்த்தி சைக்கிளைத் துடைத்து நிறுத்தியிருந்தார். கேரியரில் ஒரு துண்டை மடித்துப் போட்டிருந்தார். “உக்காரு. ஆத்துப் பாதை வழியாவே பஸ் ஸ்டாப்புல கொண்டு விடுதேன். இப்பந்தான் ஏறியே போலாமே.”

அவள் அந்தத் துண்டைப் பார்த்தாள். அம்மாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் நடந்து போறேன்ப்பா.”

“அவ்வளவு தூரமா? பையத் தூக்கிக்கிட்டா?”

“நடந்தே போறேன்.”

நடந்தாள். தெரு முனை, வாழைத்தோட்டம், பிறகு பச்சைப் பாதை. ஆற்றில் தண்ணீர் கூடியிருந்தது. ஹெல்மெட் போட்ட இரண்டு பேர் குட்மார்னிங் சொல்லிக்கொண்டு அவளைத் தாண்டிப் போனார்கள். மருதமரத்தைத் தாண்டியபோது பின்னால் மணிச் சத்தம் கேட்டது. அப்பாவுடைய சைக்கிள் மணி. அந்த இடத்தில் அது அடித்து அவள் கேட்டதே இல்லை. மறுபடியும் அடித்தது, சின்னப் பிள்ளை அடிக்கிற மாதிரி இரண்டு தடவை. டயர் சத்தம் பக்கத்தில் வந்து, மெல்லக் குறைந்தது. அவர் இறங்கி நடக்கிற செருப்பு தளத்தில் உரசுகிற சத்தம் கேட்டது.

சுகன்யா பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள்.