அத்தானின் தடித்த வயர்

அத்தான் தரவேண்டிய பாக்கி மூவாயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய். அக்கா வீடு முழுக்க வயரிங் செய்த கூலி. எலக்ட்ரீஷியன் தம்பி கேட்கப் போகும்போதெல்லாம் காபி வரும், பணம் வராது. சுவரில் துளை போடும் அவன் மெஷின் செத்து இரண்டு வாரமாயிற்று. இரவல் மெஷினில் எத்தனை நாள் பிழைப்பை ஓட்டுவது? இன்று வாங்காமல் நகர்வதில்லை என்று வந்தான்.

அத்தான் வாயெல்லாம் பல்லாக நின்றார். கையில் குடைக்காம்பு தடிமனில் கறுப்பு வயர்.

"ஆம்ப்ளிஃபயருக்கு, மச்சான்! பழைய வயர் நூல் மாதிரி. கரண்டு மூச்சு முட்டி வந்தா பாட்டு எப்படி வரும்?"

"வீடு பூரா நான் இழுத்த வயர்லதான் வருது. கடைசி மூணு முழத்துல மட்டும் குண்டாயிடுமா?"

"இதுக்கு மட்டும் காசு இருக்குடா," என்றாள் அக்கா சமையலறையிலிருந்து.

அத்தானுக்கு ரோஷம் வந்துவிட்டது. "பந்தயம்! வித்தியாசம் கேக்கலைன்னா இப்பவே பாக்கியைக் குடுத்துடறேன். கேட்டா, நீ அதை மறந்துடணும்."

"சரி அத்தான்."

முதலில் பழைய வயரில் ஒரு பாட்டு. பாடகி போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல இருந்தது. பிறகு புதியது. அது விறைத்துக்கொண்டு வளைய மறுத்ததால், ஸ்பீக்கர்கள் இருந்த அலமாரியையே அத்தான் மூச்சு வாங்கச் சுவரிலிருந்து ஒரு சாண் முன்னால் இழுத்தார்.

பாடகி போர்வையை உதறிவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

எலக்ட்ரீஷியனுக்குக் காது கேட்டதை இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை. "கேக்குது அத்தான்."

"பாத்தியா!"

புது மெஷின் ஆசைக்கு முழுக்குப் போட்டுவிட்டு எழுந்தவன், தரையில் அலமாரிக் கால்கள் விட்டுவந்த தூசித் தடத்தைப் பார்த்தான். பழைய வயரையே மறுபடி செருகினான். அலமாரியைத் தொடவில்லை. பாடகி அசையாமல் எதிரேயே உட்கார்ந்து பாடினாள்.

"அலமாரி சுவரை விட்டு நகந்ததாலதான் இந்தத் தெளிவு. வயரால இல்ல."

அத்தான் புது வயரைத் தடவினார். "அது... புது வயர் ஆம்ப்ளிஃபயரைப் பழக்கி விட்டுடுச்சு, மச்சான்."

"அப்ப அதுக்கு வேலை முடிஞ்சுது," என்று கரண்டியோடு வந்து நின்றாள் அக்கா. "கடையில திருப்பிக் குடுத்துடுங்க. முதல்ல என் தம்பிக்குப் பணத்தை எடுங்க."

அத்தான் பீரோவைத் திறந்தார். ஒவ்வொரு நோட்டையும் இரண்டு தரம் எண்ணினார். சில்லறை நாற்பது மட்டும் இல்லையென்றார். அக்கா அவர் சட்டைப் பையில் கைவிட்டு எடுத்துக் கொடுத்தாள்.

பாக்கி தீர்ந்தது.