விருந்தினர் மாளிகையில் செக்கிங்

குன்னத்தூர் ரோட்டில் இருக்கும் அரசு விருந்தினர் மாளிகையில் போன வருஷம் விருந்தினர் தங்கியது மொத்தம் பதினோரு நாள். மிச்ச நாளெல்லாம் அந்த மாளிகையை அனுபவித்தவை ஒரு பூனையும் சில புறாக்களும்தான். இது மெட்ராஸில் இருக்கும் துறைச் செயலாளருக்குத் தெரியாது. குருசாமிக்குத் தெரியும். ஏனென்றால் யாருமே வராத அந்த நாட்களிலும் மாளிகையை மாளிகையாக வைத்திருப்பதுதான் அவருடைய உத்தியோகம்.

காலையில் எழுந்ததும் வி.ஐ.பி. அறையைத் திறப்பார். யாரும் படுக்காத தலையணையை உதறுவார். யாரும் முகம் பார்க்காத கண்ணாடியைத் துடைப்பார். ஏ.சி.யைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு அணைப்பார். தண்ணீர் வருகிறதா என்று குழாயைத் திருகிப் பார்ப்பார். பிறகு பதிவேட்டில் 'வருகை: இல்லை' என்று எழுதி அடியில் கையெழுத்துப் போடுவார். பத்தொன்பது வருஷமாக இப்படி. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தபோது முடி கறுப்பாக இருந்தது, வேலை தற்காலிகமாக இருந்தது. முடி மட்டும் மாறிவிட்டது.

இப்போது அந்தத் தற்காலிக வேலைக்கும் ஆபத்து. அடுத்த மாசம் முதல் தேதியிலிருந்து மாளிகைப் பராமரிப்பை ஏஜென்சிக்குக் கொடுக்கிறார்களாம். தற்காலிக ஆட்கள் வெளியே. மாளிகைக்குப் பின்னால் அவரும் மனைவி ஒச்சாயியும் குடியிருக்கும் இரண்டு அறையும் ஏஜென்சிக்கு. நிரந்தரம் ஆனவர்களுக்கு மட்டும் பயமில்லை. குருசாமியை நிரந்தரமாக்கும் பைல் உதவிப் பொறியாளர் செந்தில்வேலின் மேஜையில் நாலு மாசமாகப் படுத்திருந்தது.

"வியாழக்கெழம மெட்ராஸ்ல இருந்து செயலாளர் வர்றாருங்க குருசாமி" என்றார் செந்தில்வேல். "சாதாரண ஆளு இல்லீங்க. இன்னொரு ஊரு மாளிகைல கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பாத்தாராமா. அவரு சந்தோசமாப் போயிட்டா அன்னைக்கே உங்க பைலு நகரும். இல்லீனா... நான் என்னங்க பண்றது, சொல்லுங்க?"

அன்று முதல் குருசாமிக்குச் சோறு இறங்கவில்லை. செந்தில்வேலுக்கும் இறங்கியிருக்காது, ஆனால் அவர் பெயிண்ட் டப்பாக்களோடு களம் இறங்கிவிட்டார். கதவுக்குத் தேக்கு நிறம் ஏறியது. சோபாவுக்கு உறை ஏறியது. ஏ.சி.க்குப் பளபளவென்று முகம் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, வரவேற்பறையில் 'மாளிகையின் வரலாறு' என்று ஒரு பலகை வந்தது. 1925-இல் வெள்ளைக்காரத் துரை ஒருவர் இங்கே மூன்று நாள் தங்கி, காற்றின் தூய்மையைப் பாராட்டியதாக அதில் தங்க எழுத்தில் இருந்தது.

"துரை இங்க தங்குனாரா சார்?" என்றார் குருசாமி. இது முன்பு பருத்தி விதை மூட்டை அடுக்கும் கிட்டங்கியாக இருந்த கதையைப் பழைய வாட்ச்மேன் அவரிடம் சொல்லியிருந்தார்.

"தங்கலீன்னு யாராவது எழுதி வெச்சிருக்காங்களாப்பா?" என்றார் செந்தில்வேல்.

எல்லாம் தயார். கூட்டித் துடைக்க மட்டும் ஆள் இல்லை. சொன்ன ஆட்கள் வரவில்லை. குருசாமி வேறு வழியில்லாமல் ஒச்சாயியிடம் கேட்டார். ஒச்சாயி பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள். ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு, தன்னுடைய டேபிளில் நிற்கும் வேல்விழியையும் இன்னும் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வியாழக்கிழமை விடிந்ததும் மாளிகைக்குள் நுழைந்தாள். குருசாமி நிம்மதியாகப் பூ வாங்கக் கிளம்பினார்.

பத்தரைக்குப் பூச்செண்டோடு திரும்பினார். தரை கண்ணாடி மாதிரி மின்னியது. தலையை நிமிர்த்தினார். கையிலிருந்த பூச்செண்டு நழுவியது.

கதவில் ஒரு சிவப்பு அம்பு. சோபாவின் கையில் இரண்டு. ஜன்னல் திரையில் நாலு. சுவரில், விளக்கில், சுவிட்சில், கட்டில் காலில், தலையணையில் எல்லாம் விரல் நகம் அளவுக்குச் சிவப்பு ஸ்டிக்கர், ஒவ்வொன்றும் ஓர் இடத்தைக் காட்டும் அம்பு.

"ஏ ஒச்சாயி! என்னாடி இது?"

"ஆரோ ஸ்டிக்கரு, கம்பெனில ஒட்டுற அம்பு" என்றாள் ஒச்சாயி. "டேமேஜ் இருக்கிற எடத்துல ஒட்டிருக்கு. பாரு, தெச்சவன் இங்கன நூல விட்டுருக்கான்."

பதினாலு வருஷமாக அவள் கண்ணும் கையும் பழகிய வழி அது. துணி டேபிளுக்கு வரும். கறை, ஓட்டை, விட்ட தையல் எது கண்ணில் பட்டாலும் அம்பை ஒட்டித் தள்ளிவிட வேண்டும். ஏன், எப்படி, யாரால் என்றெல்லாம் பேச நேரமில்லை. அடுத்த டேபிள்காரர்கள் சரிசெய்வார்கள்.

"கூட்டத்தான சொன்னேன்! யாருக்குக் காட்டுறதுக்கு ஒட்டுன?"

"அடுத்த டேபிளுக்கு."

"இங்க ஏதுடி அடுத்த டேபிளு?"

ஒச்சாயி சுற்றும்முற்றும் பார்த்தாள். அவளுக்கே அப்போதுதான் உறைத்தது போல. "ஆத்தாடி" என்றாள். வேல்விழி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "மாமா, ஒங்களையும் உத்துப் பாத்துச்சு அத்த. ஒட்ட எடம் பத்தலையின்னு விட்டுருச்சு."

நாலு பெண்களும் குருசாமியும் அம்புகளைப் பிய்க்க ஆரம்பித்தார்கள். புதுப் பெயிண்ட் காயாததால் சில அம்புகள் பெயிண்டையும் சேர்த்துக்கொண்டு வந்தன. எத்தனை ஒட்டினாய் என்றால் ஒச்சாயிக்குத் தெரியவில்லை. செக்கிங்கில் யார் அதை எண்ணுகிறார்கள்? பாதி கூடத் தீரவில்லை, வாசலில் கார்க்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. செயலாளர் கால் மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டார். பெண்கள் சமையலறைக்குள் ஓடினார்கள். குருசாமி கையிலிருந்த அம்புகளைச் சட்டைப் பைக்குள் திணித்தார்.

செயலாளர் ஒல்லியான மனிதர். அரைக்கைச் சட்டை, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. கூடவே வந்த செந்தில்வேல் நீட்டிய சால்வையை வாங்கிப் பக்கத்தில் கொடுத்துவிட்டு நேராகக் கதவுக்குப் போனார். கண்ணாடியை மாட்டினார்.

"இது என்ன?"

கதவில் ஒரு சிவப்பு அம்பு. பெயிண்டில் ஒட்டிக்கொண்ட பிரஷ் முடி ஒன்றைத்தான் அது காட்டியது. செந்தில்வேலுக்கு முடி தெரியவில்லை, அம்பு மட்டும் தெரிந்தது. யாரோ மொட்டைக் கடிதம் போட்டு, அதிகாரி முன்னாலேயே ஆள் அனுப்பிக் குறித்து வைத்திருக்கிறார் என்று அவர் மனசு கணக்குப் போட்டுவிட்டது.

"சார்... பில்லுல தேக்குன்னுதானுங்க எழுதுனோம். வேம்புங்க சார். கலருதானுங்க தேக்கு."

செயலாளர் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அறைக்குள் போனார். ஏ.சி.யின் மூலையில் ஓர் அம்பு. ஒரு கைரேகைக் கறையைக் காட்டிக்கொண்டிருந்தது.

"முகப்பு மட்டும் புதுசுங்க சார். உள்ள எல்லாம் பழசு" என்றார் செந்தில்வேல், கேட்கும் முன்பே. "ஆனா நல்லா ஓடுமுங்க. டெய்லி குருசாமி ஓட்டுவாருங்க."

இப்படியே போனால் பைல் குப்பைக்குத்தான். வரவேற்பறையில் இன்னொரு அம்பைக் கண்டார். வரலாற்றுப் பலகையில், துரை தங்கிய வருஷத்துக்கு நேரே. ஓடிப்போய் அதை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார்.

செயலாளர் வந்தார். "கொஞ்சம் தள்ளுங்க."

"பரவால்லங்கய்யா, இங்கயே நிக்கிறேன்."

"நான் படிக்கணும்ல?"

குருசாமி நகர்ந்தார். செயலாளர் அம்பைத் தொட்டார். செந்தில்வேல் கையெடுத்தே கும்பிட்டுவிட்டார்.

"துரை இந்த வழியாப் போனாருன்னு சொல்லுவாங்க சார். தங்குனதுக்கு ஆதாரம் இல்லீங்க. போனதுக்குமே... இல்லீங்க. இது பருத்தி விதைக் கிட்டங்கிங்க சார்."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "இதெல்லாம் யார் ஒட்டினது?"

வெளியாட்களை மாளிகைக்குள் விட்டது தெரிந்தால் அதுவே போதும், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். குருசாமி ஓர் அடி முன்னால் வந்தார். "நான்தானுங்கய்யா."

சமையலறைக் கதவு திறந்தது. "ஊசி கோக்கக் கண்ணு தெரியாத ஆளுங்கய்யா இவரு" என்று ஒச்சாயி வெளியே வந்தாள். "நான்தான் ஒட்டுனேன். பழக்க தோசத்துல ஒட்டிப்புட்டேன். அவர ஒண்ணும் சொல்லாதீக."

"சரிம்மா. இந்தப் பலகையில என்ன தப்பு?"

"அந்த அஞ்சுக்கு அடியில பெயிண்டு ஒழுகியிருக்கு பாருங்க."

"வேற?"

"வேற எனக்கு என்னாங்கய்யா தெரியும்? நான் என்ன படிச்சா பாத்தேன்?"

கேட்காத கேள்விக்கெல்லாம் தானே பதில் சொன்னது செந்தில்வேலின் முகத்தில் மெல்ல மெல்ல விடிந்தது. செயலாளர் சிரிக்கவில்லை. உதட்டை மட்டும் கடித்துக்கொண்டார். பிறகு குருசாமி பக்கம் திரும்பினார்.

"எத்தனை வருஷமா இருக்கீங்க?"

"பத்தொன்பதுங்கய்யா. தற்காலிகம்."

"பைல்?"

"நகந்துட்டு இருக்குங்க சார்" என்றார் செந்தில்வேல்.

"இன்னைக்கே நகர்ந்து முடியட்டும். ஆர்டர் போட்டுட்டு எனக்குப் போன் பண்ணுங்க."

கார் போனது. ஒச்சாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குருசாமி மிச்சமிருந்த அம்புகளை ஒவ்வொன்றாகப் பிய்த்தார். பிய்க்கப் பிய்க்கச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடுதான் மதியச் சோறு தின்றார்.

நாலு மணிக்குச் செந்தில்வேல் வந்தார். கையில் உறை. முகத்தில், காலையில் எதுவுமே நடக்காத மாதிரி ஒரு களை.

"குருசாமி, நீங்க நெரந்தரமுங்க. செயலாளருக்கும் போன் பண்ணிச் சொல்லீட்டேன். ரொம்ப சந்தோசப்பட்டாரு."

குருசாமி தாளை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு படித்தார். முதல் பத்தி தேனாக இருந்தது. இரண்டாவது பத்தியில் ஓர் ஊர்ப் பெயர் இருந்தது. மேல்மலையில் ஓர் அணைக்கட்டு, அங்கே ஓர் ஆய்வு மாளிகை. திங்கட்கிழமை காலையில் வேலையில் சேர வேண்டும்.

"அது மூடிக் கெடக்குன்னு சொன்னாகளே சார்?"

"எட்டு வருசமா மூடித்தானுங்க கெடக்குது. அதுக்குத்தான உங்களாட்ட ஆளு வேணும்? பஸ்ஸு பாதி தூரம் போகும். நல்ல காத்துங்க. நீங்களும் அம்மிணியும் நிம்மதியா இருக்கலாம், ஒருத்தரு வந்து தொந்தரவு பண்ணமாட்டாங்க."

"அங்கன பனியன் கம்பெனி இருக்குமா?" என்றாள் ஒச்சாயி.

"ஆனை இருக்குமுங்க" என்றார் செந்தில்வேல். பிறகு சோபாவில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "ஏனுங் குருசாமி, பத்தொம்பது வருசம் கழிச்சு வந்திருக்கற ஆர்டரு, ஒரு இனிப்பு கிடையாதுங்களா?" என்றார்.

குருசாமி ஆர்டரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு முக்கு பேக்கரிக்கு நடந்தார். அழுவதா சிரிப்பதா என்று பேக்கரி வரைக்கும் முடிவாகவில்லை. அரைக் கிலோ லட்டு கேட்டார்.

"என்னங்க விசேசம்?" என்றார் கடைக்காரர்.

"வேலை நிரந்தரமாயிருச்சு."

"அட, சந்தோசமுங்க! இனி யாராலயும் உங்கள அசைக்க முடியாதுங்க."

தராசில் லட்டு ஏறிக்கொண்டிருந்தது. குருசாமி கையை நீட்டித் தடுத்தார்.

"கால் கிலோ போதும்" என்றார்.